விருதுப் பொன்னாடையைத் தேட வேண்டாம்

சசியோட அப்பாவுக்கு,

பக்கத்து வீட்டு துஷ்யந்திக்குப் பிரசவ வலி வந்துடுச்சு. பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். சோறும் பருப்பும் அடுப்பு மேல இருக்கு.

அத்தை நினைவா வருஷா வருஷம் நீங்க குடுக்கிற சேவை விருது விழாவை நாளைக்குத் தள்ளி வைங்க. விருது வாங்கப் போற வேலாயுதம் அண்ணன்தான் தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறியில எங்களை ஏத்திட்டுப் போறாரு.

பொன்னாடையைத் தேடாதீங்க. ஒரு வாரமா மழை, வேற துணி எதுவும் காயல. பிள்ளையைச் சுத்த எடுத்துட்டேன். விழா வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாதுன்னு நேத்து கத்தினீங்க. அத்தை படத்தைப் பார்த்துக் கேட்டேன், அவங்க ஒன்னும் சொல்லல.

ஜீவராணி

பரிசா வாங்கி வச்ச பிளாஸ்க்ல சுடுதண்ணி கொண்டு போறேன்.

மாலை மட்டும் மிச்சம் இருக்கு. வாடுறதுக்குள்ள அத்தை படத்துக்குப் போடுங்க. நீங்க போட்டுக்காதீங்க.