அப்பாவின் வண்டியில் ஒரு சத்தம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, நம் பழைய பிக்கப் வண்டி மூவரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான்.

போன மாதம் நான் வண்டியில் இருந்தபடி பேசியபோது, பின்னால் என்ன இப்படிக் கடகடவென்று கேட்கிறது, அதை முதலில் விற்றுத் தொலையுங்கள் என்று சத்தம் போட்டாய். கூடவே, அப்பா இரண்டு வார்த்தை பேசியதும் போனை உன் கையில் திணித்துவிடுகிறார், நாற்றுப் பண்ணையைப் பார்க்காமல் வேலைக்கென்று இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்ற கோபம் இன்னும் தீரவில்லை போல என்றும் சொன்னாய். இரண்டும் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தன. இரண்டாவதை அப்பாவிடம் கேட்கப் பயம், சரி, முதல் கேள்விக்காவது விடை கண்டுபிடிப்போம் என்று இறங்கிவிட்டேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து செடி ஏற்றிப் போவது நான்தானே. இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தவளுக்கு வண்டி என்ன பேசுகிறது என்றே தெரிந்திருக்கவில்லை, போ. ஒவ்வொரு சத்தமாகக் கேட்டு வண்டிப் பட்டறை மீசைக்காரரிடம் போய் நடித்துக் காட்டினேன், அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே. காலையில் கிளப்பியதும் டிக்டிக் என்கிறது, அது ராத்திரி முழுக்க அடியில் தங்கின ஆயில் மேலே ஏறும்வரைதானாம். ஈரக் காற்று அடித்தால் பெல்ட் கிரீச்சிடும், சூடேறியதும் வாயை மூடிக்கொள்ளும். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தால் ஒரு முனகல், அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது வருமே, அச்சு அசல் அதேதான். நிறுத்திய பிறகும் அடியில் டிங் டிங் என்று கேட்கிறது, யாரோ தட்டுகிறார்கள் என்று குனிந்துகூடப் பார்த்தேன், சைலன்சர் குழாய் ஆறுகிற சத்தமாம். வயசான வண்டி, கொஞ்சம் புலம்பத்தான் செய்யும், இதெல்லாம் நோய் இல்லைங்கம்மா என்றார் மீசைக்காரர்.

ஆனால் நீ கேட்ட அந்தக் கடகட மட்டும் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் போகவில்லை. அப்பாவைக் கேட்டால், என்ன சத்தம், பூனை மாதிரி ஓடுது, வால்வெல்லாம் நானே சரி பண்ணி வச்சிருக்கேன் என்று என் மேலேயே பாய்ந்தார். விடவில்லை, அவரையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மீசைக்காரர் எஞ்சின் மூடியைக் கழற்றி ஒரு மெல்லிய தகட்டை உள்ளே விட்டு வால்வு இடைவெளியை அளந்தார். தேவைக்கு மேல் அகலமாக இருந்தது, அதனால்தான் அந்தக் கடகட. யார் வச்சது இது என்று கேட்டார். அப்பா இந்தத் தகட்டை என்றைக்காவது தொட்டிருக்கிறாரா, எஞ்சின் ஓட ஓட திருகை முடுக்கிக்கொண்டே வருவார், சத்தம் அடங்கியதும் நிறுத்துவார், அதுதான் அவர் கணக்கு. இத்தனை வருஷமும் அது பிசகியதே இல்லை. இந்த முறையும் சத்தம் அடங்கியதும்தான் நிறுத்தியிருக்கிறார். அவருக்கு மட்டும் அது சீக்கிரமே அடங்கிவிட்டது.

டிவி ஏன் அலறுகிறது, வாசல் மணிக்கு ஏன் எப்போதும் நானே ஓடுகிறேன் என்பதெல்லாம் அப்போதுதான் உறைத்தது. சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கா கேக்கலை என்று குதித்தார். மீசைக்காரர் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியை அப்பாவின் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்தினார், எலும்பு வழியாகவும் சத்தம் உள்ளே போகுமாம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார், அடடா, இவ்வளவு சத்தமாவா போட்டுக்கிட்டிருக்கு என்றார். திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், அப்போ பாப்பா இத்தனை நாளா போன்ல என்ன சொல்லிக்கிட்டிருந்தா என்று கேட்டார். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று இரண்டையும் அவரே கேட்டுவிட்டு, உன் பதில் விளங்காமல்தான் போனை என்னிடம் தந்திருக்கிறார். சொல்ல வெட்கம், அவ்வளவுதான். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை.

காது டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, அந்த எலும்பிலேயே ஒட்டிவைத்துக் கேட்கிற கருவி ஒன்று இருக்கிறது, இந்த வாரக் கடைசியில் வருகிறது. வண்டியும் இப்போது ஒழுங்காக ஓடுகிறது, விற்கிற பேச்சை எடுக்காதே. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே, நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கருவி வந்ததும் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கப்போகிறீர்களாக்கும் என்று அப்பாவைக் கேலி செய்தேன். வண்டி எங்க போயிடும், வாசல்லதானே நிக்குது, முதல்ல பாப்பாவுக்குப் போன் போட்டுக் கொடு என்றார். ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காமல் இருந்துவிடாதே. நான் பேசமாட்டேன், அப்பாதான் பேசுவார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா