பிடுங்காத மூன்றாவது பல்

மார்ச் 3, செவ்வாய்
முகம் கழுவும்போது மூக்கோரம் விரல் பட்டுவிட்டது. கரண்ட் அடித்த மாதிரி இடது கன்னம் முழுக்க ஓடி, நாலைந்து வினாடியில் ஒன்றுமே நடக்காதது போல் அடங்கியது. இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று. வெள்ளிக்கிழமை மூன்றாவது. "பல்லு நல்லாத்தாங்க இருக்கு" என்றார் பல் டாக்டர். நான்தான் கெஞ்சினேன். முதல் இரண்டுக்கும் அப்படித்தான்.

மார்ச் 4
பல் துலக்கவில்லை. இவர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். "என்ன, பேச்சுவார்த்தை முறிஞ்சிடுச்சா?" என்று சிரித்தார். அழுகை வந்தது. கண்ணீரும் கன்னத்தில்தானே இறங்கும் — அதற்கும் பயம்.

மார்ச் 5, வியாழன்
காது கேளாமல் போன பெரியவர்களுக்கு உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுத்தருகிறேன், பன்னிரண்டு வருடமாக. என் வாய்தான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். இன்று ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படியே போனால் வகுப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

முடிந்ததும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் எழுந்தார். தன் குரல் தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஒரு மாசமா உங்க வாயையேதான் பாத்துட்டிருக்கேன்."

பார்த்துப் புரிந்துகொண்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"இடது பக்கம் உதட்ட அசைக்கறதே இல்ல. ஃபேன் காத்து பட்டா கண்ண இறுக்கிக்கிறீங்க. பல்வலிக்காரங்க கன்னத்தப் பிடிச்சுக்குவாங்க. நீங்க தொடவே மாட்டேங்கறீங்க. இது பல்லு இல்ல டீச்சர்."

தொடுவதே இல்லை. ஆமாம். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

மார்ச் 6, வெள்ளி
பல் டாக்டரிடம் பிடுங்கிக்கொள்ளப் போகவில்லை, சொல்லப் போனேன். காற்று, தொடல், வினாடிக் கணக்கு எல்லாவற்றையும்.

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"பல்வலின்னு வந்தவ பல்லப் பத்தித்தானே சொல்வா?"

பிறகு நரம்பு டாக்டருக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

மார்ச் 13
பஞ்சால் கன்னத்தை லேசாகத் தொட்டார் நரம்பு டாக்டர், துள்ளிவிட்டேன். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. ஒரு ரத்தக்குழாய் முகத்து நரம்பின்மேல் உரசிக்கொண்டிருக்கிறது. வலிப்புக்குத் தரும் மாத்திரைதான் இதற்கும். சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும், இடையிடையே ரத்தப் பரிசோதனை. மாத்திரை கேட்காவிட்டால் அறுவை சிகிச்சை உண்டாம்.

"எனக்கு மனசு சரியில்லையோன்னு நினைச்சேன்" என்றேன்.

"உங்க வலிக்குப் பேரே இருக்கும்மா. முக்கிளை நரம்பு வலி."

வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். சந்தோஷமாகத்தான்.

மார்ச் 15
தலைசுற்றல். தூக்கம். சர்க்கரை டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். வலி மூன்றே முறை.

மார்ச் 22
ஒருமுறைகூட இல்லை. நம்பப் பயமாயிருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு
இவரோடு சண்டை. கட்டிலில் போட்ட ஈரத்துண்டில் ஆரம்பித்து, அவர் அக்கா வீட்டுக் கல்யாணம் வரை போய்வந்தேன். பாதியில் பார்த்தால் எதிர்ப்பேச்சே இல்லை.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?"

"நிறுத்தாத. இருபது நிமிஷமா பேசற, ஒரு தடவகூட முகம் சுளிக்கல நீ."

அதற்குமேல் கோபம் நிற்கவில்லை. துண்டை மட்டும் அவரையே எடுக்கச் சொன்னேன்.