நீங்கள் அழுத்தாமல் விட்ட கட்டை

என் அன்பு டேவிட் அப்பா,

சபையின் மாதப் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி "நல்லதா நாலு வார்த்தை" எழுதித் தரச் சொல்லி எஸ்தர் அக்கா நடையாய் நடக்கிறார்கள். நம் கொயரில் எல்லாருக்கும் மூத்தவர்கள், மாட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? உட்கார்ந்து எழுதினேன். "அன்னார் அமைதியே உருவானவர், கடமை தவறாதவர்" என்று வந்தது. படித்துப் பார்த்தால் யாரோ முகம் தெரியாத போஸ்ட் மாஸ்டருக்கு எழுதினது மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

உங்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல எனக்கு வராது. உங்களிடம் பேச வரும். அதனால் உங்களிடமே பேசுகிறேன், படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

வீட்டு விஷயம் முதலில். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் என் பேருக்கு மாறிவிட்டது, நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் மகன் டேவிட் ஒழுங்காகக் காலேஜுக்குப் போகிறான். உங்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போகிறான், கை நீளமாகத் தொங்குகிறது, சொன்னால் கேட்கிறதில்லை. டெலிவிஷனில் பாட்டு வந்தால் எழுந்து போய் சத்தத்தைக் குறைக்கிறான். எனக்காகத்தான். நீங்கள் போனதிலிருந்து எந்தப் பாட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் ஆர்மோனியப் பெட்டியைப் பழைய வேட்டியால் மூடி அலமாரிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தேன்.

நீங்கள் இருந்தபோது மட்டும் நிம்மதியாக ஒரு பாட்டுக் கேட்க விட்டீர்களா? கல்யாணம் முடித்து டெல்லிக்கு வந்த புதிதில், பஞ்சாபிக் கல்யாண ஊர்வலம் ஒன்று நம் தெருவில் போனது. குதிரை மேல் மாப்பிள்ளை, தலையில் விளக்குத் தூக்கியவர்கள், காது கிழிகிற பேண்டு. நான் பால்கனியில் வாயைப் பிளந்து நிற்கிறேன். நீங்கள் பின்னால் வந்து காதோடு சொல்கிறீர்கள்:

"ஏட்டி, அந்த டிரம்மை மட்டும் காதுல இருந்து எடுத்துட்டுக் கேளு."

"டிரம்மை எப்படிங்க எடுக்கது? அதென்ன காதுல வச்ச பஞ்சா?"

"டிரம்பெட்டுக்காரன் வாசிக்கதை மட்டும் கேளு. ஒவ்வொரு வரியும் இறங்கி இறங்கிதான முடியுது? அழுகை கேக்குதா?"

கேட்டது. சத்தியமாகக் கேட்டது. எல்லாரும் ரூபாய் நோட்டைச் சுற்றிப் போட்டு ஆடுகிறார்கள், அடியில் அந்த டியூன் விம்மிக்கொண்டு போகிறது. "காலை டிரம்மு ஆட்டுது, நெஞ்சை டியூன் அழ வைக்குது. ரெண்டையும் ஒரே நேரத்துல வேலை வாங்குதான் பாரு" என்று நீங்கள் சிரித்தீர்கள். பாவி மனிதரே, அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த ஊர்வலம் போனாலும் எனக்குக் கண் கலங்கும்.

காய்கறி வண்டிக்காரரையும் விட்டீர்களா? "கடைசிச் சத்தத்தைக் கீழ இறக்கி முடிச்சா, வியாபாரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அந்த வண்டிக்கார பையா மேலேயே தொங்க விடுதாரு, அதான் நீ ஜன்னலுக்கு ஓடுத" என்றீர்கள். நான் ஓடினது தக்காளிக்கு என்று சொன்னால் நம்பினால்தானே. யாராவது பெரிய தலைவர் இறந்து ரேடியோவில் நாள் முழுக்க சாரங்கி வாசித்தால், அக்கம்பக்கத்தில் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டிருப்பார்கள். நீங்கள் மட்டும் ரேடியோவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். "ராகம் அழல ட்டி. விரலு ஒரு சுரத்துல இருந்து அடுத்ததுக்குத் தாவாம, தேய்ச்சுக்கிட்டே போகுது. அழும்போது நம்ம தொண்டையும் அப்படித்தான் போகும்." ஆபீஸில் ஃபைல் பார்க்கிற மனிதருக்குக் காதுக்குள்ளும் ஓர் ஆபீஸ் இருந்தது.

எனக்கு இசை தெரியாது. ஊசி போடத் தெரியும், நாடி பார்க்கத் தெரியும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் கால்மிதி ஆர்கன் வாசிப்பீர்கள், நான் பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் முதுகைப் பார்ப்பேன். ஒரே ஒரு பாடம்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். வீட்டு ஆர்மோனியத்தில் கட்டைவிரலை "ச"வில் வைத்தீர்கள், சுண்டுவிரலை "ப"வில் வைத்தீர்கள். "இது ரெண்டும் சுவரு. இதுல சந்தோஷமும் கிடையாது, துக்கமும் கிடையாது" என்றீர்கள். பிறகு நடுவில் "க" என்கிற வெள்ளைக் கட்டையைச் சேர்த்து அழுத்தினீர்கள். அறையே பளிச்சென்று ஆனது. அந்த விரலை எடுத்து, பக்கத்தில் ஒட்டியிருக்கிற கறுப்புக் கட்டையில் வைத்தீர்கள். அவ்வளவுதான், அறையே இருண்டு போனது.

"பாத்தியா? அரை இஞ்சு கூட இல்ல. சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவுல இவ்வளவுதான் இடம்."

ஜெபா பிறந்த பிறகு இந்தப் பாடமெல்லாம் குப்பைக்குப் போனது. ஞாபகம் இருக்கிறதா? உட்காரத் தெரிந்த நாளிலிருந்து அவள் உங்கள் மடியில்தான். நீங்கள் சாயந்திரம் வாசித்துப் பழகும்போது நடுவில் உள்ளங்கையை விரித்து டப்பென்று ஒரு அடி. வெள்ளை, கறுப்பு எல்லாம் சேர்ந்து கத்தும். நாராசமாக இருக்கும். நான் காதைப் பொத்துவேன். உங்களுக்கோ பெருமை தாங்காது. "எம் புள்ளைக்குப் பாகுபாடே கிடையாது ட்டி, சிரிப்பையும் அழுகையையும் சேத்து வைக்கா!"

பிறகு அதுவே விளையாட்டாகிவிட்டது. நீங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வைத்துவிட்டு, நடு விரல்களைக் கூடாரம் மாதிரித் தூக்கிக்கொண்டு காத்திருப்பீர்கள். அவள் உங்கள் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்ப்பாள். அந்தக் கூடாரத்துக்குள் கையை விட்டு டப். கீழ்ப் பல் இரண்டும் தெரியச் சிரிப்பாள்.

அந்தக் கோடையில் மூளைக்காய்ச்சல் வந்தது. வார்டில் எத்தனை பிள்ளைகளைத் தூக்கியவள் நான். என் பிள்ளையின் கழுத்து விறைத்திருந்ததைத் தொட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களிடம் ஒன்றும் சொல்லாமல், "ஜல்தியா ஆட்டோ பிடிங்க" என்று மட்டும் சொன்னேன். போனோம். இரண்டு பேராகத் திரும்பி வந்தோம்.

நம் பிள்ளையின் அடக்க ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்க உங்களை விட்டால் அன்றைக்கு ஆள் இல்லை. "பாட்டு மட்டும் பாடலாம், நீங்க இருங்க" என்று போதகர் சொன்னார். நீங்கள் கேட்கவில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முழுப் பாட்டையும் பிசகாமல் வாசித்தீர்கள். கடைசிச் சத்தத்தில் மட்டும் நடுக்கட்டை விழவில்லை. "ச"வும் "ப"வும் தனியாக நின்றன. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. ஆர்கனுக்குள் காற்று போகிற சத்தம்கூடக் கேட்டது. விரல் தவறிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்களைக் கேட்டேன். "அந்த இடத்துல உங்களுக்கு எது கேட்டுச்சு? வெள்ளையா, கறுப்பா?"

எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. பிள்ளை தேவனிடம் போய்விட்டாள் என்று நம்புகிற மனிதரா நீங்கள், இல்லை என்னைப் போல உள்ளே எல்லாம் இருண்டு போனவரா? நீங்களோ ஆர்மோனியத்தை மூடிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டீர்கள்.

அதன் பிறகு யார் அடக்கத்திலும் கடைசிச் சத்தத்தில் அந்தக் கட்டையை நீங்கள் தொட்டதே இல்லை. கேட்டவர்களுக்கு ஒரு காரணம் வைத்திருந்தீர்கள். "அவங்கவங்க துக்கம் என்னன்னு நான் எதுக்குச் சொல்லணும், அவங்களே நிரப்பிக்கட்டும்." எஸ்தர் அக்கா அதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார்கள். எனக்கு மட்டும் அது பதிலாகப் படவில்லை. ஊருக்குச் சொன்ன பதில் அது, எனக்கு என்ன பதில்?

இன்னொன்றும் அன்றோடு நின்றது. "ஜெபா அப்பா", "ஜெபா அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நாம். அப்புறம் அந்தப் பேரை எடுக்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. டேவிட் பிறக்கிறவரை நீங்கள் எனக்கு வெறும் "ஏங்க", நான் உங்களுக்கு வெறும் "ஏட்டி".

போன ஜனவரியில், பனி மூட்டத்தில், பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். நான் ட்யூட்டியில் இருந்தேன். ஓடி வந்தபோது உங்கள் கையில் நாடி இல்லை. எத்தனையோ பேருக்குப் பார்த்த நாடி, உங்கள் கையில் திரும்பத் திரும்பத் தேடினேன்.

உங்கள் அடக்கத்துக்கு வேறு சபையிலிருந்து ஒரு தம்பி வந்து வாசித்தார். முறைப்படி படித்துப் பரீட்சை எழுதின பிள்ளை, குற்றம் சொல்ல முடியாத வாசிப்பு. கடைசிச் சத்தம் வந்தது. "ச", "ப", நடுவில் அந்த வெள்ளைக் கட்டை. நிறைவாக, இனிப்பாக, எல்லாம் சுகமே என்கிற மாதிரி.

"முடிக்காதீங்க! யாரு உங்கள முடிக்கச் சொன்னது?" என்று நான் கத்திவிட்டேன்.

பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், அதிர்ச்சியில் உளறுகிறாள் என்றார்கள். யாரிடம் போய் விளக்குவேன்? எத்தனை வருஷமாக நான் கேட்டு நீங்கள் சொல்லாத பதிலை, உங்களைப் பார்த்தே இராத ஒருவர் உங்கள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். இனி நான் உங்களிடம் கேட்கவே முடியாது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வாரம் நம் தங்கையா மாமா இறந்துபோனார், பட்டாளத்தில் இருந்தவர். மறுபடி அதே தம்பிதான் வாசிக்க வந்தார். ஆராதனை தொடங்கும் முன்னால் நான் அவரிடம் போனேன்.

"தம்பி, கடைசிச் சத்தத்துல நடுக்கட்டையை விட்டுருங்க."

"ஆன்ட்டி, அப்படி முடிக்கிறது முறை இல்ல. வெறுமையா கேக்கும்."

"வெறுமையாத்தான்ப்பா இருக்கு."

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். கடைசிச் சத்தத்தில் அந்தக் கட்டையை விட்டுவிட்டார். நம் சபை முழுக்க மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. எஸ்தர் அக்கா முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த டேவிட் என் காதில் கேட்டான்:

"மா, பப்பா எப்பவும் அங்க காலி ஜகா விடுவாரு இல்ல? அது யாருக்கு மா?"

தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று அவனுக்குத் தெரியும், போட்டோ பார்த்திருக்கிறான். அவள் கை கட்டையில் விழுந்த கதை தெரியாது. நான் நிமிர்ந்து ஆர்கனைப் பார்த்தேன். அந்தத் தம்பி இன்னும் கையை எடுக்கவில்லை. கட்டைவிரல் ஒரு பக்கம், சுண்டுவிரல் ஒரு பக்கம், நடுவில் மூன்று விரலும் தூக்கி நிற்கிறது.

கூடாரம்.

ஐயோ, டேவிட் அப்பா! வெள்ளையா கறுப்பா என்று நான் கேட்டதே தப்பான கேள்வி. உங்கள் காதில் இரண்டும் விழவில்லை. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளை வருவாள் என்று காத்திருந்தீர்கள். அவளுடைய அடக்கத்தில் காத்திருந்தீர்கள். அதற்குப் பிறகு ஊரார் அடக்கம் ஒவ்வொன்றிலும் காத்திருந்தீர்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் தாங்க மாட்டேன் என்றா? நீங்கள் மட்டும் எப்படித் தாங்கினீர்கள்?

நான் அழுத அழுகையில் தங்கையா மாமாவின் பெண்கள் வந்து என்னைத் தேற்றும்படி ஆகிவிட்டது. "அப்பா மேல இவ்வளவு பாசமா ஆன்ட்டி உங்களுக்கு?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குச் சாயந்திரம் ஆர்மோனியத்தின் மேலிருந்த வேட்டியை எடுத்தேன். டேவிட்டை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் துருத்தியை அசைத்தான், நான் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீங்கள் காட்டின இடத்தில் வைத்தேன். என் கை சிறியது, இழுத்து வைத்தால் வலிக்கிறது. ஆனாலும் எட்டுகிறது. நீங்கள் போன பிறகு நான் முழுசாகக் கேட்ட முதல் சத்தம் அது.

அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டேன், இனி நம் சபையில் யாருடைய அடக்கமானாலும் அந்த இடத்தில் யாரும் விரல் வைக்கக் கூடாது. என்னுடையதற்கும் அப்படித்தான், டேவிட் வாக்குக் கொடுத்திருக்கிறான். அங்கே பரலோகத்தில் நீங்கள் காத்திருக்க வேண்டிய வேலை முடிந்திருக்கும். பிள்ளை உங்கள் மடியில் உட்கார்ந்து டப் டப்பென்று அடித்துக்கொண்டிருப்பாள், காதைப் பொத்த நான்தான் பக்கத்தில் இல்லை. நான் வருகிற வரைக்கும் இங்கே தினம் சாயந்திரம் அந்தக் கட்டைகளில் கையை வைத்துத் தூக்கிப் பிடித்திருப்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள்
ஜெபா அம்மா