பன்றிக் கொட்டிலில் தொடங்கும் வரைபடம்

அன்பு மகன் ஹசிந்தோவுக்கு, அம்மா கசில்டா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பன்றிகள் மூன்று, எல்லாரும் சுகம். சிகாகோ குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன், தொப்பி போடாமல்தான் திரிகிறாய் என்று எனக்கு இங்கிருந்தே தெரியும். நீ வீடு கட்டக் கேட்ட அக்கரை நிலம் நம்முடையதுதான் என்று போன செவ்வாய்க்கிழமை தீர்ப்பாகிவிட்டது. அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

உன் தாத்தா காலத்து வெள்ளத்தில் ஆறு நம் பக்கம் நகர்ந்து வந்ததையும், ஆறுதான் எல்லை, அக்கரை முழுக்க எங்களுடையது என்று எதிர் ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டதையும் நீ அறிவாய். ஊர்ப் பெட்டியில் இருக்கும் பழைய துணி வரைபடத்தில் ஆறு கிழக்கே மலையடியில் அல்லவா ஓடுகிறது. அந்தப் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி, இந்த வருஷம் நானும் ஒரு சாவிக்காரி, மூன்று பேரும் கூடித் திறந்தோம். நீதிமன்றம் அனுப்பிய எஞ்சினியர் துணியில் இருந்த எழுத்தைப் படித்தார், கோயில் வாசலிலிருந்து கிழக்கே முப்பது கயிறு போனால் ஆறு. நம் கோயில் வாசலிலிருந்து அளந்து தோண்டினால் வெறும் களிமண். எதிர் ஊர்த் தலைவர் தோன் எபிஃபானியோ, “என்ன கசில்டா, உங்க ஆத்த யாராச்சும் குடிச்சிட்டாங்களா?” என்று கேட்க அவர் ஆட்களெல்லாம் சிரித்தார்கள். நான் மறுபடி துணியைப் பார்த்தேன். அதில் இருக்கிற கோயிலுக்கு இரண்டு கோபுரம், நம் கோயிலுக்கு ஒன்றுதானே. பூகம்பத்தில் விழுந்த பழைய இரட்டைக் கோபுரக் கோயிலின் அஸ்திவாரத்தின் மேல்தான் நம் பன்றிக் கொட்டில் நிற்கிறது என்று ஊருக்கே தெரியும், கயிறு பிடிக்கும்போது ஒருவருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும்தான். எஞ்சினியர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அப்போ உங்க பன்னிங்ககிட்ட இருந்து அளக்கணுமா?” என்றார். “ஆமாங்க, இப்ப அதுகதான் அங்க பூசைக்குப் போகுதுங்க” என்றேன். பெரிய பன்றி அவர் கயிற்றைக் கடித்தது வேறு கதை.

முப்பதாவது கயிற்றில் முழங்கால் ஆழம் தோண்டியதுமே ஆற்று மணல், வழவழவென்று கூழாங்கற்கள், நத்தை ஓடுகள். தோன் எபிஃபானியோ ஒரு நத்தை ஓட்டைக் கையில் உருட்டிக்கொண்டே, “படிக்காத பொம்பளைன்னுல்ல சொன்னாங்க” என்று முனகினார். “படிக்கலதான், எண்ணத் தெரியும், ஒண்ணு ரெண்டு” என்று கோபுரங்களைக் காட்டினேன். அவர் ஆட்களே சிரித்துவிட்டார்கள். எல்லை வரைந்த நாளில் ஆறு அங்கேதான் ஓடியது என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்ததைத்தான் நீதிபதி ஏற்றுக்கொண்டார். சோள மாவைப் பிசைந்து தமாலே அவித்து ஊருக்கே போட்டோம், உன் பங்கை உன் அப்பா தின்றுவிட்டார்.

இதோடு ஒரு நத்தை ஓடு அனுப்புகிறேன், உன் நிலத்தில் கிடைத்தது, பத்திரமாக வைத்துக்கொள். வீட்டை மேட்டில் கட்டு, ஒரு தடவை நடந்த ஆறு மறுபடி நடக்கவும் செய்யும். மாதா உன்னைக் காக்கட்டும். தொப்பி போடு.

இரண்டு வரை எண்ணத் தெரிந்த உன் அம்மா,
கசில்டா