ஆளைக் காட்டுங்கோ

இந்த வாயாடிக்கு மூத்தவளாகப் பிறந்து பாவப்பட்ட என் அக்காவுக்கு,

உங்கள் செத்தவீட்டில் நான் மானத்தை வாங்கிய கதை உங்களுக்குத் தெரியாது. ஒலிவாங்கியைப் பிடித்த கண்ணாடி போட்ட ஐயா, "அன்னார் ஒரு சிவில் சமூகச் செயற்பாட்டாளர்" என்றார். அழுதுகொண்டிருந்த நான் கதிரையை விட்டு எழும்பி, "ஆரைப் பாத்துச் சொல்லுறீங்கள்? என்ர அக்கா ஒருநாளும் அவங்களோட சேர்ந்து வேலை செய்யேல்லை" என்று கத்திவிட்டேன். சீருடை இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்து, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்கிற புலனாய்வுக்காரனைத்தானே நாங்கள் 'சிவில்' என்போம்? பந்தலின் பின்வரிசையில் அப்படி ஒருவன் உண்மையாகவே இருந்தான். அவன்தான் முதலில் சிரித்தான்.

பிறகு என் மகள் விளங்கப்படுத்தினாள். அரசாங்கமும் இல்லாமல் ஆயுதமும் இல்லாமல், சனத்துக்காக நிற்கிற சனத்துக்குத்தான் அந்தப் பெயராம். அப்படியென்றால் சரி. ஆனாலும் பெயரை மாற்றச் சொல்ல வேண்டும்.

இனி உங்களோடு சண்டை. போனது போனீர்கள், அந்த வேலையை ஏன் என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள்?

போன கிழமை எங்கள் கரையில் ஒரு படகு ஒதுங்கியது. புல்மோட்டைப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள், அண்ணனும் தம்பியும். எஞ்சின் பழுது. முதல்நாள்தான் எங்கள் ஆட்களின் வலைகள் கடலில் அறுந்து கிடந்தன. யார் அறுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லோருக்கும் நிச்சயமாக இருந்தது. அந்த இரண்டு பேரையும் வலை வைக்கிற வாடிக்குள் போட்டுப் பூட்டினார்கள். ஒருவன் மண்ணெண்ணெய்க் கான் ஒன்றைக் கொண்டுவந்து வாடிக்குப் பக்கத்தில் வைத்தான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை.

நான் அந்தக் கண்ணாடி ஐயாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, நான் கொழும்பில ஒரு செயலமர்வில நிக்கிறன். உடன ஒரு அறிக்கை விடுறம்."

"விடுங்கோ ஐயா. பட்டம் மாதிரி வாலும் கட்டி விடுங்கோ."

அதற்குப் பிறகுதான் உங்கள் நினைவு வந்தது. அந்த நாளில் சுற்றிவளைப்பில் எங்கள் ஆண்களை ஆமிக்காரர் பிடித்துப் போகும்போதெல்லாம், பெண்களைக் கூட்டிக்கொண்டு முகாம் வாசலில் போய்க் குந்துவீர்கள். 'விடுங்கோ' என்று ஒருநாளும் கேட்டதில்லை. 'ஆளைக் காட்டுங்கோ' என்றுதான் கேட்பீர்கள். ஏன் என்று கேட்டேன். "விடச் சொன்னா ஏலாது எண்டு சொல்லுவினம். காட்டேலாது எண்டு சொல்ல அவைக்கே ஒரு மாதிரி இருக்கும். சனம் கண்ட ஆளைப் பிறகு இல்லையெண்டு சொல்லுறது கஷ்டமடி" என்றீர்கள்.

எல்லோரையும் காட்டினார்களா, அக்கா? காட்டாத முகங்களின் தாய்மார் இன்னும் படத்தோடு தெருவில் நிற்கிறார்கள்.

நான் போய் வாடி வாசலில் குந்தினேன். பக்கத்தில் ஏற்றி வைத்திருந்த படகில் சாய்ந்துகொண்டேன். மீனவர் சங்கத் தலைவன் கந்தப்பு வந்தான்.

"யோகமக்கா, எழும்புங்கோ. இது ஆம்பிளையளின்ர விசயம்."

"ஓம் தம்பி. உன்னை முகாமால எடுக்கேக்கையும் ஆம்பிளையளைத்தான் தேடினனாங்கள். ஒருத்தரும் வீட்டில இல்லை."

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"உன்ர பக்கம். அதாலதான் மறிக்கிறன். ஆளைக் காட்டு."

அவன் கை தன் உதட்டுக்குப் போனது. அன்றைக்கு வீங்கிய உதட்டோடு, முகாம் முள்ளுக்கம்பிக்குப் பின்னால் அவனைக் கொண்டுவந்து நிறுத்தியது உங்கள் வாயிலிருந்து வந்த அதே சொல்தானே. மறந்திருப்பான் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் குந்தினார்கள். கந்தப்பு எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தான்.

இருவரில் தம்பியின் இடுப்புச் சாரம் நனைந்திருந்தது. அது தெரியாதபடி அண்ணன் அவனை மறைத்துக்கொண்டு நின்றான். எங்கள் ஆட்கள் நிலத்தைப் பார்த்தார்கள். கான் கொண்டுவந்தவன் அதை எடுத்துக்கொண்டு, வீட்டில் விளக்குக்கு எண்ணெய் இல்லாதவன்போல நடந்தான்.

கொஞ்ச நேரத்தில் நிலாவெளிப் பக்கமிருந்து பள்ளிவாசல்காரர் வான் பிடித்து வந்து இருவரையும் கூட்டிப்போனார்கள். அவர்களுக்குச் சொல்லி அனுப்பியது அந்தக் கண்ணாடி ஐயாதானாம். மனமில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

வலையை அறுத்தது யார் என்று இன்னும் தெரியாது. கரையில் பாதிப்பேர் என்னோடு கதைப்பதில்லை. மீதிப்பேரோடு கதைக்கவே எனக்கு நேரம் போதவில்லை. கந்தப்பு என்னைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் போகிறான். போகட்டும், நடந்தால் வண்டி வயிறு குறையும்.

அடுத்தமுறை யார் பூட்டினாலும், எங்கள் ஆட்களோ அவர்களுடைய ஆட்களோ, போய்க் குந்துவேன். உங்களைத் திட்டிக்கொண்டேதான் போவேன். ஆனால் போவேன்.

இன்னொன்று. நான் சாய்ந்திருந்த படகுக்கு அன்று காலையில்தான் பெயின்ற் அடித்திருந்தார்கள். நான் கட்டியிருந்தது உங்களுடைய நீலச் சேலை. இப்போது அதில் பச்சையும் இருக்கிறது.

உங்களுக்குப் பின்னால் பிறந்த தங்கச்சி,
யோகம்