அஞ்சலை மேட்டுப் பலகை

அக்கா,

இன்னிக்குக் காலையில உத்திரமேரூர் ஒன்றியத்து ஆளுங்க வந்து நம்ம மேட்டுல பேர்ப்பலகை நட்டாங்க. மஞ்சப் பெயிண்ட் இன்னும் காயலை. வாசனை தொண்டையிலேயே நிக்குது. அதுல எழுதியிருக்கற பேரை எழுத்துக் கூட்டி மூணு தரம் படிச்சேன். வேற பேரை எழுதி ஏமாத்திடுவாங்களோன்னு பயம். என் புத்திதான் உனக்குத் தெரியுமே.

அந்த நோட்டுக்காரர் வந்த நாள் ஞாபகம் இருக்கா? நாத்து நட்டுட்டு வாய்க்கால்ல கால் கழுவிக்கினு இருந்தோம். ஊர் ஊராப் பேரும், அந்தப் பேரு வந்த கதையும் எழுதறாங்களாம். "இந்த மேட்டுக்கு என்னம்மா பேரு?"ன்னு கேட்டாரு. யாரும் பேரைச் சொல்லலை. அதுக்கு முன்னாடி ஒருத்தன் இப்படித்தான் சிரிச்சுப் பேசிப் பேரு எழுதிக்கினு போனான். மறுமாசம் அளக்கற சங்கிலி வந்துச்சு, ஏரிக்கரைக் குடிசைங்க போச்சு. "நாங்க கூலிக்காரங்க சாமி, ஒண்ணும் தெரியாது"ன்னு சொன்னது நான்தான். வரப்புல நின்ன நிலத்துக்காரர் மகன், "களத்துமேடுன்னு எழுதிக்குங்க சார். எங்க தாத்தா போரடிச்ச களம்"னான். அந்தப் பேரு ஏறினா மேடு அவங்களுது, நம்ம வூடு போச்சு. அது தெரிஞ்சும் வாயை மூடிக்கினு நின்னேன்.

நீ மட்டும் அந்த ஆளோட நடந்து போனே. பொழுது சாயத்தான் திரும்பினே. முந்தானையில எதையோ முடிஞ்சிருந்தே.

"இன்னாக்கா அது?"

"ஓட்டாஞ்சில்லு."

"ஓட்டாஞ்சில்லை யாராவது முடிஞ்சு எடுத்தாருவாங்களா? அந்த ஆளு இன்னா குடுத்தாரு, சொல்லு."

"அடிப் போடி, பேஜாரு புடிச்சவளே. பேரு கேட்டாரு, சொன்னேன்."

நான் நம்பலை. நீ நம்ம மேட்டைக் காட்டிக் குடுத்துட்டேன்னு கிணத்தடியில எல்லார் எதிர்லயும் சொன்னேன். நடவுல எப்பவும் உன் இடக்கைப் பக்கம் நிக்கறவ, வரிசையோட அந்தக் கோடிக்குப் போனேன். நாலு வருசம். அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்ட நமக்கு நடுவுல ஒரே மண்சுவருதான். அந்தப் பக்கம் நீ இருமறது கேக்கும். வந்து பாக்கலை. நீயும் கூப்பிடலை. குத்தம் உள்ளவ எப்படிக் கூப்பிடுவான்னு நினைச்சுக்கிட்டேன்.

பங்குனியில நீ போயிட்டே. ஆடியில நிலத்துக்காரர் வூட்டுல, மேடு எங்க களம், காலி பண்ணணும்னு மனுப் போட்டாங்க. பார்த்தியா, அவ செஞ்ச வேலைன்னு அப்பவும் சொன்னேன், செத்தவளைப் பத்தி. தாலுக்கா ஆபீசுல குமாஸ்தா அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்துப் படிச்சாரு.

"அஞ்சலை மேடு. செய்யாற்று வெள்ளத்தில் வீடிழந்த அஞ்சலை என்ற கூலிப்பெண் முதலில் குடிசை போட்டு, உறைகிணறு இறக்கிய இடம். கிணற்று உறை மண்ணில் இருப்பதை நேரில் பார்த்தேன்."

கீழே உன் கைநாட்டு. களத்துமேடுன்ற பேரு அதுல எங்கயும் இல்லை. மனுவைத் தள்ளிட்டாங்க.

வூட்டுக்கு வந்து உன் அடுக்குப்பானையை இறக்கிப் பார்த்தேன். அடிப்பானையில துணி சுத்தி இருந்துச்சு அந்த ஓடு. அஞ்சலை கிணத்துச் சுட்டமண் உறையில உடைஞ்ச துண்டு. நீ சொன்னபடி ஓட்டாஞ்சில்லுதான்.

இன்னிக்குப் பலகை நட்டவன், "யாரும்மா அந்த அஞ்சலை?"ன்னான். 'ஒண்ணும் தெரியாது'ன்னுதான் நாக்குல வந்துச்சு. எதுக்குக் கேக்கறான்னு அவன் கையைப் பார்த்தேன். நோட்டு இல்லை, பெயிண்ட் டப்பாதான். ஓட்டைக் கொண்டாந்து காட்டி, முழுக் கதையும் சொன்னேன்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"என் ஓரகத்தி"ன்னேன். நாலு வருசமா வாயில வராத வார்த்தை.

நாளைக்கு நடவு, அக்கா. நம்ம பழைய இடத்துல நிக்கப் போறேன். உன் பங்கையும் சேத்து நானே நடறேன்.