மஞ்சத்துணியில் முடிந்த பல்சக்கரம்

என்னைப் பெத்த அய்யனுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் கழித்து உங்கள் பேருக்கு ஒரு பழி வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஆனைமலைத் தோப்பு வீட்டிலிருந்து போன். "ஏனுங்க அம்மணி, உடனே வந்துட்டுப் போங்க. உங்கய்யன் ரிப்பேர் பார்த்த கடிகாரத்துல வில்லங்கம் இருக்குதுங்க." கணபதியில் இருக்கும் நம் கடிகாரப் பட்டறையை அப்படியே பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்த ஆளுயர இங்கிலீஷ் கடிகாரம் ஞாபகம் இருக்கிறதா? முகப்பில் செய்தவர் பேர் பாதி அழிந்து 'ஜோசுவா' மட்டும் மிஞ்சியிருக்கும். என்னமோ கூடப் பிறந்தவர் மாதிரி நீங்கள் அவரை "ஜோசுவா அண்ணன்" என்பீர்கள். "ஒவ்வொரு பல்லும் கையாலயே அரம் போட்டிருக்காரு கண்ணு, மனுசனுக்கு எத்தனை பொறுமை!"

அதை உங்களிடம் கொடுத்த பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்; இப்போது அதை விற்கப் போகிறார்களாம். விலை மதிக்க வந்தவர் உள்ளே டார்ச் அடித்து ஒரு பித்தளைச் சக்கரத்தைக் காட்டினார். "இது லேத்துல வெட்டினது. ஜோசுவா செஞ்சது எங்கே?" தோப்புக்காரர் என்னைப் பார்த்தார். "நம்பித்தானுங்க எங்கய்யன் குடுத்தாரு. உங்கய்யன் எடுத்து வித்துப்போட்டாருங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழற்றியது ஒரு திருகாணியானாலும் உரியவர் கையில் திருப்பித் தருகிற ஆளாயிற்றே நீங்கள்! "பழைய சாமானைக் குடுத்திருப்பாருங்க, தேடிப் பாருங்க!" என்று கத்தியே விட்டேன். கடிகாரப் பெட்டி, மேசை, பீரோ எல்லாம் தேடினோம். இல்லை.

அப்போதுதான் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவி உறுத்தியது. அதில் தொங்கும் பித்தளை வில்லை, இந்தக் கடிகாரத்தை ரிப்பேர் பார்த்த அதே வருஷம் நீங்கள் எனக்கு வெட்டித் தந்தது. அந்தப் பித்தளை எங்கிருந்து வந்தது, அய்யா? சாவியைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு வந்த தோப்புக்காரரின் அம்மா மகனிடம் சொன்னார். "ஏன் கண்ணு, கடிகாரம் திரும்பி வந்த அன்னிக்கு உங்கய்யன் மேசையில மஞ்சத்துணி முடிச்சொண்ணு கெடந்துச்சு. மாசாணியம்மனுக்கு முடிஞ்சு வெச்ச காணிக்கையாக்கும்னு சாமி அலமாரியில எடுத்து வெச்சுப்போட்டேன்."

அடக் கடவுளே! வேறு துணி கிடைக்காமல் மஞ்சப்பையைக் கிழித்தா கட்டிக் கொடுத்தீர்கள்? புருஷன் வேண்டுதலை அவிழ்க்கவும் கூடாது, என்னவென்று கேட்கவும் கூடாது என்று, அந்த அம்மா வெள்ளி தவறாமல் அதற்குப் பொட்டு வைத்து வந்திருக்கிறார்.

முடிச்சை வாங்கி அவிழ்த்தேன். மூன்று பல் உடைந்த சக்கரம். விலை மதிக்க வந்தவர் வாங்கி, அரத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இதுதான். ஜோசுவாவோடதேதான்." தோப்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுப்போடுங்க அம்மணி" என்றார்.

அவரை மன்னித்துவிட்டேன். அவருக்கு உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சாவியை மறைத்தேனே, அய்யா, என்னை யார் மன்னிப்பது?

இனி அந்த வில்லை பட்டறை வாசலில், வருகிறவர் போகிறவர் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கும். யார் முன்னாலும் அதைக் கைக்குள் மூடமாட்டேன். இது சத்தியம்.

ஒரு நிமிஷம் உங்களைச் சந்தேகப்பட்ட,
உங்கள் மகள் சுமதி